திருத்தணி: ஆயிரம் வருஷத்து அட்டாக் ரிப்போர்ட்

ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, பக்கத்துக் கட்டிலில் தூங்குபவனை எழுப்பாமல் கம்ப்யூட்டரை ஆன் செய்து, 200 ஈட்டி வீரர்களையும் 50 குதிரை வீரர்களையும் பக்கத்து ஊருக்கு அனுப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொண்ட கல்லூரி மாணவர்கள் ஒரு காலத்தில் நிறைய பேர் இருந்தார்கள். திரையில் சண்டை எதுவும் தெரியாது. குதிரை ஓடாது, வாள் மோதாது. "உங்கள் படை புறப்பட்டது, சென்று சேர இத்தனை மணி நேரம்" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு ரிப்போர்ட் வந்திருக்கும். போனவர்கள் இத்தனை, செத்தவர்கள் இத்தனை, கொண்டுவந்த தானியம் இத்தனை. அவ்வளவுதான் யுத்தம்!

எழுத்தும் எண்ணும் மட்டுமே வைத்துப் பல பேர் சேர்ந்து விளையாடுவது புதுசு இல்லை. 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ஆரம்பித்து, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இன்னொரு மாணவர் வளர்த்த 'மட்' என்ற விளையாட்டுதான் இதற்கெல்லாம் தாத்தா. 1990களின் கடைசியில் 'உடோபியா' வந்தது. 2003இல் ஜெர்மனியில் 'ட்ரைபல் வார்ஸ்', 2004இல் அதே ஜெர்மனியில் 'டிராவியன்'. கடைசி இரண்டில் கொஞ்சம் படம் உண்டு. ஆனாலும் படை அனுப்புவது, ஊர் பிடிப்பது, ஏமாற்றுவது, ஏமாறுவது எல்லாம் எழுத்தில்தான்.

இந்த விளையாட்டுகளை ஆடியவர்களுக்குச் சில விதிகள் மனப்பாடமாகத் தெரியும். தனியாக நின்றால் செத்தாய், கூட்டணி வேண்டும். ரிப்போர்ட்டை அப்படியே நம்பாதே. தானியம் தீர்ந்தால் படை பட்டினியில் சாகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒரு ஊரைத் தாக்கி ஜெயிப்பது வேறு, அந்த ஊர் உன் பெயருக்கு மாறுவது வேறு.

இந்த நாலு விதியையும் ஜெர்மனிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தால் ஒருமுறை திருத்தணிப் பக்கம் போய்வர வேண்டும். முருகன் மலைக்காகவே எல்லோரும் போகிற ஊர். ஆனால் அந்த மலையைச் சுற்றி 25 கிலோமீட்டருக்குள் பல்லவர், சோழர், கங்கர், ராஷ்டிரகூடர், ஹைதர் அலி, கும்பினிப் படை என்று ஒரு பெரிய சர்வரே ஓடியிருக்கிறது. கடைசி ஆட்டம் முடிந்தது 1960இல்.

கூட்டணி: தோற்காதவன் தோற்ற கதை

திருத்தணிக்குப் போகிறவர்கள் நேராக மலை ஏறிவிடுவார்கள். கீழே நந்தி ஆற்றங்கரையில் வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒரு சின்ன சிவன் கோயில் இருக்கிறது. கல்லால் கட்டிய பழைய பல்லவர் காலத்துக் கோயில். இதைக் கட்டியவர் நம்பி அப்பி என்பவர். கட்டிய காலம் அபராஜிதவர்மன் என்ற பல்லவ மன்னனின் 18ஆம் ஆட்சியாண்டு, அதாவது 9ஆம் நூற்றாண்டின் கடைசி. அந்தக் கோயில் கல்வெட்டில் ஒரு தமிழ் வெண்பா இருக்கிறது. அதைப் பாடியது மன்னனே என்று கல்வெட்டே சொல்கிறது.

அபராஜிதன் என்றால் 'தோல்வியே காணாதவன்' என்று அர்த்தம். பெயர் சும்மா வரவில்லை. சுமார் 880இல் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் திருப்புறம்பியத்தில் ஒரு பெரும்போர் நடந்தது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அங்கே உள்ள பள்ளிப்படை நினைவிருக்கும். ஒரு பக்கம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். இன்னொரு பக்கம் ஒரு கூட்டணி: பல்லவன் அபராஜிதன், கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதி, அப்போது சின்னக் கட்சியாக இருந்த சோழர்கள்.

கூட்டணி ஜெயித்தது. ஆனால் பிருதிவிபதி போர்க்களத்திலேயே இறந்துபோனான். அவன் பேரன் காலத்து உதயேந்திரம் செப்பேடு இதை நெகிழ்ச்சியாகச் சொல்கிறது: தன் உயிரைக் கொடுத்து நண்பனின் 'அபராஜிதன்' என்ற பெயரை உண்மையாக்கினான் என்று.

சரி, லாபம் யாருக்கு? இங்கேதான் கூட்டணி விளையாட்டு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். பாண்டியன் பலம் போய்விட்டது. கங்க மன்னன் செத்துவிட்டான். பல்லவன் ஜெயித்தாலும் களைத்துப் போய்விட்டான். கூட்டணியில் கடைசி வரிசையில் இருந்த சோழன்தான் வளர்ந்தான். சில வருடங்கள் கழித்து, சுமார் 897இல், முதலாம் ஆதித்த சோழன் தன் பழைய தலைவன் அபராஜிதன் மேலேயே படையெடுத்தான். யானை மேல் இருந்த பல்லவ மன்னன் மேல் பாய்ந்து அவனைக் கொன்றான் என்று வீரராஜேந்திரன் காலத்துக் கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்கிறது. பல்லவர் ஆட்சி அதோடு முடிந்தது. தொண்டை மண்டலம் சோழர் கைக்கு வந்தது. திருத்தணியும்தான்.

திருத்தணிக் கல்வெட்டில் இருக்கும் 18ஆம் ஆண்டு, அபராஜிதனின் கடைசி வருடங்களில் ஒன்று. அந்த வெண்பா பாடிய ராஜாவுக்கு அப்போது தெரிந்திருக்காது, பெயரை எடுத்துக்கொண்டு போகப்போவது பக்கத்தில் நிற்கும் கூட்டாளிதான் என்று.

ரிப்போர்ட்: ஒரு சாவு, இரண்டு கதை

அடுத்த ஆட்டம் சுமார் 50 வருடம் கழித்து. இடம் அரக்கோணத்தை அடுத்த தக்கோலம்.

ஆதித்தன் மகன் முதலாம் பராந்தகன் ஆட்சி (907 முதல் 955 வரை). தெற்கே மதுரை வரை பிடித்துவிட்டான். ஆனால் வடக்கு எல்லையில்தான் பயம். கர்நாடகத்தில் ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் வலுவாகிக்கொண்டு இருந்தான். அவனுக்குத் துணை கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். அதனால் பராந்தகன் தன் மூத்த மகன் ராஜாதித்தனைப் பெரும்படையோடு திருமுனைப்பாடி நாட்டில், அதாவது பெண்ணையாற்றுப் பக்கம், நிறுத்தி வைத்தான். விளையாட்டுக்காரர்கள் எல்லை ஊரில் டிஃபென்ஸ் குவித்து வைப்பார்களே, அதே வேலை.

949இல் தக்கோலத்தில் இரண்டு படையும் மோதின. ராஜாதித்தன் யானை மேலேயே கொல்லப்பட்டான். சோழப் படை சிதறியது.

இந்த யுத்தத்துக்கு நமக்கு இரண்டு ரிப்போர்ட் கிடைத்திருக்கிறது. ஒன்று ஜெயித்த பக்கத்துடையது, கர்நாடகத்தின் ஆதகூரில் கிடைத்த கல்வெட்டு. போர் நடந்த அதே சமயத்தில் எழுதியது. ராஜாதித்தனைக் கொன்றது பூதுகன் என்கிறது. அதற்குப் பரிசாகக் கிருஷ்ணன் அவனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகளைக் கொடுத்தானாம். இன்னொன்று தோற்ற பக்கத்துடையது, அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து எழுதிய ஆனைமங்கலம் செப்பேடு. லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். அதில் பூதுகன் இல்லை. கிருஷ்ணராஜனின் கூரிய அம்புகள் பட்டு வீர சொர்க்கம் போனான் என்று இருக்கிறது. ஒரு பெரிய சக்கரவர்த்தி கையால் செத்தால் கொஞ்சம் கௌரவம், கூட வந்த குறுநில மன்னன் கையால் செத்தால் அவமானம் என்று சோழர்கள் நினைத்தார்களோ என்னவோ. எதிரெதிர் கூட்டணியில் இருக்கும் இரண்டு பேர் ஒரே சண்டையைப் பற்றி எழுதுவதைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

அந்த ஆதகூர் கல்லில் இன்னொரு விஷயம். அந்தக் கல்லை நட்டது ராஜாதித்தன் சாவைச் சொல்வதற்காக இல்லை. ஒரு நாய்க்காக! பூதுகனின் வீரன் மணலேரன் என்பவன் போரில் காட்டிய வீரத்துக்குப் பரிசாக, ராஜாவிடம் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அந்த நாய் ஒரு காட்டுப் பன்றியோடு சண்டை போட்டு, இரண்டும் செத்துவிட்டன. அந்த நாய்க்கு நட்ட நடுகல்தான் ஆதகூர் கல். அதே கல்லில்தான் ஒரு சோழ இளவரசனின் சாவும் எழுதப்பட்டிருக்கிறது. இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாய்க்குக்கூடக் கல் இருக்கிறது. அந்தப் போரில் செத்த ஆயிரக்கணக்கான சாதாரண வீரர்களுக்கு? அவர்கள் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணாகக்கூட வரவில்லை.

ஆனால் உயிரோடு தப்பிய ஒருவனைப் பற்றித் தெரியும். ராஜாதித்தன் படையில் வெள்ளன் குமரன் என்ற கேரள நாட்டுத் தளபதி இருந்தான். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் அவன் 943இல் ஒரு சிவன் கோயில் கட்டினான். தக்கோலத்தில் ராஜாதித்தன் செத்தபோது அவன் பக்கத்தில் இல்லை. பத்து வருடம் போல் கழித்துத் திருவொற்றியூர் கல்வெட்டு ஒன்றில் சதுரானன பண்டிதர் என்ற துறவி வருகிறார். கேரளத்தில் பிறந்தவர், ராஜாதித்தனின் நெருங்கிய துணையாக இருந்தவர், தலைவனோடு சேர்ந்து சாக முடியாமல் போன வருத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுத் துறவியானவர். இருவரும் ஒருவரே என்பது ஆய்வாளர்கள் கருத்து.

யோசித்துப் பாருங்கள். விளையாட்டில் 2000 வீரர் செத்தால் மறுபடி பயிற்சி கொடுக்க 3 நாள் ஆகும், அவ்வளவுதான். இங்கே ஒரு தளபதிக்குத் தோல்வியைத் தாங்க ஒரு ஆயுசே போதவில்லை.

பெயர் மாற்றம்: யாருடைய ஆண்டு?

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வது வேறு, பத்திரத்தில் பெயர் ஏறுவது வேறு. முதலாவது அனுபவம், இரண்டாவதுதான் உரிமை. ஊரைப் பிடிப்பதும் அப்படித்தான். 'ட்ரைபல் வார்ஸ்' விளையாட்டில் படை அனுப்பி ஜெயித்தால் மட்டும் ஊர் வராது. பிரபு ஒருவரைக் கூட அனுப்ப வேண்டும். அவர் ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த ஊரின் விசுவாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பூஜ்யத்துக்கு வந்தால்தான் ஊர் கை மாறும்.

10ஆம் நூற்றாண்டில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கோயிலுக்கு விளக்கு எரிக்க ஆடு கொடுத்தாலும் சரி, நிலம் கொடுத்தாலும் சரி, கல்லில் எழுதும்போது முதல் வரியில் இன்ன ராஜாவுக்கு இத்தனையாவது ஆண்டு என்று போடுவார்கள். ஊர்க்காரர்கள் எந்த ராஜாவின் ஆண்டைப் போடுகிறார்களோ, அந்த ஊர் அவன் கையில். இதைவிடச் சுத்தமான கணக்கு கிடையாது.

இந்தக் கணக்கை வைத்துக் கிருஷ்ணனைச் சோதிக்கலாம். அவன் தன்னைக் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன் என்று போட்டுக்கொண்டான். கச்சி என்றால் காஞ்சி. அவன் ஆட்சியாண்டு போட்ட தமிழ்க் கல்வெட்டுகள் தொண்டை மண்டலத்திலும் அதற்குத் தெற்கே பெண்ணையாற்றுப் பக்கத்திலும் நிறையக் கிடைக்கின்றன. ஆகவே காஞ்சி உண்மை. ஆனால் காவிரிக் கரைச் சோழ நாட்டின் நடுவில் அப்படிக் கிடைக்கவில்லை. தஞ்சையை அவன் தாக்கியிருக்கலாம், கொள்ளை அடித்திருக்கலாம். ஆனால் தஞ்சைக்காரர்கள் அவன் ஆண்டைக் கல்லில் போடவில்லை. பட்டத்தில் இருந்த தஞ்சை, பத்திரத்தில் ஏறவே இல்லை.

967இல் கிருஷ்ணன் இறந்தான். 972இல் வடக்கே இருந்து பரமார மன்னன் சீயகன் வந்து ராஷ்டிரகூடத் தலைநகர் மான்யகேடத்தையே சூறையாடினான். அடுத்த வருடமே சாளுக்கியன் தைலபன் அந்த ராஜ்யத்தை முடித்துவைத்தான். தொண்டை மண்டலம் மறுபடி சோழர் பக்கம் திரும்பியது. தக்கோலத்தில் அவ்வளவு ரத்தம் சிந்திப் பிடித்த பூமி, கால் நூற்றாண்டுகூட நிற்கவில்லை.

சோழர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. அதற்குச் சாட்சி திருத்தணிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த செப்பேடு. ராஜேந்திர சோழனின் 6ஆம் ஆண்டு, அதாவது சுமார் 1018இல் கொடுத்த உத்தரவு. மொத்தம் 31 ஏடு, வளையத்தில் கோத்து ராஜ முத்திரை வைத்தது. ஆதித்தன் அபராஜிதனை வென்ற கதையும் இதில் வருகிறது. ஆனால் செப்பேடு எழுதியதன் காரணம் அது இல்லை. பழையனூர் என்ற ஒரு ஊரைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்குக் கொடுப்பது. ஒரே ஒரு ஊருக்கு 31 ஏடு!

சோழர் காலத்தில் ஒரு ஊரைக் கொடுப்பது என்றால் சும்மா இல்லை. ராஜா வாயால் சொன்னதை ஓலையில் எழுதி, அதிகாரிகள் ஒவ்வொருவராக ஒப்பிட்டுப் பார்த்து, வரிக் கணக்கில் ஏற்றி, நாட்டாருக்கு ஓலை அனுப்புவார்கள். ஒரு பெண் யானையை ஊர் எல்லை சுற்றி நடத்தி, எல்லையில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். வாள் பிடித்தவர்களைவிட எழுத்தாணி பிடித்தவர்களுக்கு அங்கே அதிக வேலை இருந்தது. சோழர்கள் அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் தொண்டை மண்டலத்தை வைத்திருந்ததற்குப் படை ஒரு காரணம் என்றால், இந்தக் கணக்கு வழக்கு இன்னொரு காரணம்.

தானியம்: அரிசி இல்லாத வெற்றி

இப்போது ஒரே தாவலாக 1781க்குப் போவோம். நடுவில் விஜயநகரம், கோல்கொண்டா, ஆற்காடு நவாப் எல்லாம் வந்து போய்விட்டார்கள். திருத்தணி இருக்கும் பகுதி கார்வேட்டிநகரம் பாளையக்காரர் கையில் இருந்தது. ஆங்கிலேயர்கள் வாயில் 'பொம்மராசு' என்று வரும் பரம்பரை இது.

1780 ஜூலையில் ஹைதர் அலி மைசூரில் இருந்து கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10இல் காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நிர்மூலமானது. கும்பினிக்கு அதுவரை இந்தியாவில் அப்படி ஒரு அடி விழுந்ததில்லை. வங்காளத்தில் இருந்து ஜெனரல் அயர் கூட் வரவழைக்கப்பட்டார். 1781 ஜூலை 1இல் பரங்கிப்பேட்டை, ஆகஸ்ட் 27இல் மறுபடி பொள்ளிலூர், செப்டம்பர் 27இல் திருத்தணிக்கு மேற்கே சோளிங்கர். வரிசையாகப் போர். சோளிங்கரில் ஜெயித்தது கூட்.

ஜெயித்த பிறகு என்ன செய்தார்? ஹைதரைத் துரத்தினாரா? முடியவில்லை. காரணம் அரிசி. ஹைதரின் குதிரைப்படை சுற்றுவட்டாரம் முழுக்கப் பயிரை அழித்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு போய், வழியை மறித்து வைத்திருந்தது. பீரங்கி இழுக்க மாடு இல்லை, சிப்பாய் சாப்பிடத் தானியம் இல்லை. அதனால் வெற்றி பெற்ற படை தானியம் தேடிப் பாளையக்காரர்களின் மலைப் பக்கம், கார்வேட்டிநகரம் நாட்டுக்குள் போனது. வேலூர்க் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த தங்கள் ஆட்களுக்கு உணவு கொண்டுபோய்ச் சேர்ப்பதே கூட்டுக்குப் பெரிய யுத்தமாக இருந்தது.

டிராவியனில் பெரிய படை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை தெரியும். ஒவ்வொரு வீரனும் மணிக்கு மணி தானியம் தின்பான். களஞ்சியம் காலியானால் வீரர்கள் சாக ஆரம்பிப்பார்கள். கம்ப்யூட்டரில் அது சிவப்பு எழுத்தில் ஒரு எண். 1781இல் அது ஊர் ஊராகப் பஞ்சம். இரண்டு படையும் தின்றது இந்த ஊர்க் குடியானவர்களின் நெல்லைத்தான்.

1782 டிசம்பர் 7இல் சித்தூர் பக்கத்தில் முகாமில் இருந்தபோது ஹைதர் இறந்தார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை. அதன் சாரம் என்ன தெரியுமா? யார் யார் எதைப் பிடித்தீர்களோ அதை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாலு வருட யுத்தம். எல்லைக் கோடு பழைய இடத்தில். செத்தவர்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

படை இல்லாமல் பிடித்த ஊர்

கடைசி ஆட்டத்தில் யானை இல்லை, குதிரை இல்லை, பீரங்கியும் இல்லை. ஆனால் திருத்தணி இன்று எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை முடிவு செய்தது இதுதான்.

1888 செப்டம்பர் 5இல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தபோது, ஊர் சென்னை மாகாணத்தின் வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் புதிதாக உருவானபோது அதில் சேர்ந்தது. எல்லாம் ஒரே மாகாணம் என்பதால் யாருக்கும் பெரிய கவலை இல்லை. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் இன்னொரு மொழி என்று ஊர் நிம்மதியாக இருந்தது.

மொழிவழி மாநிலம் என்ற பேச்சு வந்தபோது கவலையும் வந்தது. கோடு எங்கே விழும்? இந்தப் பக்கத்தில் தமிழர் நிறைய இருந்தாலும் பள்ளிக்கூடங்களில் தமிழ் குறைவு என்று மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் ஊர் ஊராகப் போய்த் தமிழ் கற்றுக் கொடுத்தார். அவர் அனுப்பிய படை என்று சொன்னால் அது அரிச்சுவடிதான். 1946இல் தமிழரசுக் கழகம் தொடங்கிய ம.பொ.சிவஞானம் வடக்கு எல்லைப் போராட்டத்தைத் தலைமை தாங்கினார். திருத்தணியில் கே.விநாயகம் முன்னால் நின்றார். கூட்டம், மறியல், சிறை என்று போராட்டம் போனது. உயிரை விட்டவர்களும் உண்டு.

அந்தப் பக்கமும் தியாகம் குறைவில்லை. 1952 டிசம்பர் 15இல் ஆந்திர மாநிலம் கேட்டு உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உயிர் விட்டார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுதாக அதோடு போனது. திருப்பதி, சித்தூர், புத்தூர், கூடவே திருத்தணி. மங்கலங்கிழார் அந்த ஆண்டிலேயே இறந்துவிட்டார். தான் பாடம் நடத்திய ஊர்கள் திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க எழுத்து வேலை. இரண்டு மாநில அரசுகளும் பேசின. சென்னையில் காமராஜர் முதல்வர், ஹைதராபாத்தில் சஞ்சீவ ரெட்டி. நடுவராக எச்.வி.படாஸ்கர் நியமிக்கப்பட்டார். அவர் வைத்த அளவுகோல் எளிமையானது. தாலுகாவாகப் பார்க்காதே, கிராமம் கிராமமாகப் பார். எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம், பக்கத்து மாநிலத்தோடு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார். ஆயிரம் வருடம் முன்னால் கல்வெட்டின் முதல் வரியில் இருந்த ராஜா பெயருக்குப் பதில், இப்போது மக்கள்தொகைக் கணக்கில் தாய்மொழி என்ற கட்டம்.

1957இல் அவர் தீர்ப்பு வந்தது. 1959இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி தாலுகாவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து சத்தியவேடு பக்கமும், சேலம் மாவட்டத்தில் சில ஊர்களும் ஆந்திராவுக்குப் போயின. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. அன்றைக்கு அதே திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் நாட்டின் குடியரசுத் துணைத் தலைவர்.

இதில் முழு வெற்றி யாருக்கும் இல்லை. நகரியில் தமிழ் பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் நின்றுபோனார்கள். பள்ளிப்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களுக்கு நடுவில் மாநில எல்லை வந்தது. கிராமம் கிராமமாகப் பிரித்த கோடு என்பதால் வரைபடத்தில் அது பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்துதான் போகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 897இல் பிடித்தது 949இல் போனது. 949இல் பிடித்தது கால் நூற்றாண்டில் போனது. 1781இல் பிடித்ததை மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். 1960இல் போட்ட கோடு மட்டும் 60 வருடத்துக்கு மேல் ஆகியும் அப்படியே நிற்கிறது, அதற்குக் காவலாக ஒரு படைவீரன்கூட இல்லாமல். காரணம், இந்த ஒரு முறைதான் ஊர்க்காரர்களை எண்ணிப் பார்த்து, அவர்கள் பேச்சைக் கணக்கில் எடுத்து முடிவு செய்தார்கள். மற்ற முறையெல்லாம் அவர்கள் நெல் மட்டும்தான் கணக்கில் வந்தது.

சர்வர் முடிந்தபின்

டிராவியனில் ஒரு சர்வர் கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். யாராவது ஒருவர் உலக அதிசயத்தை 100ஆம் நிலை வரை கட்டிவிட்டால் ஆட்டம் ஓவர். எல்லா ஊரும் அழிந்து, மறுபடி எல்லோரும் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பிப்பார்கள். பகை, கூட்டணி, துரோகம் எதுவும் மிச்சம் இருக்காது.

திருத்தணியில் அப்படி இல்லை. அபராஜிதன் போனான், கோயில் இருக்கிறது. ராஜாதித்தன் போனான், தக்கோலம் இருக்கிறது. பழையனூர் என்ற பெயர்கூட அப்படியே இருக்கிறது. ஆட்டக்காரர்கள்தான் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஊர் ஒரே ஊர், அதே குடியானவர்கள், அதே நந்தி ஆறு.

அடுத்த முறை திருத்தணிக்குப் போனால் படி ஏறுவதற்கு முன்னால் கீழே வீரட்டானேசுவரர் கோயிலுக்கும் ஒரு எட்டு போய்வாருங்கள். தோற்காதவன் என்று பெயர் வைத்துக்கொண்டு தோற்றுப்போன ஒரு ராஜாவின் வெண்பா அங்கே கல்லில் இருக்கிறது. அவன் பிடித்த நிலம் எதுவும் அவனிடம் தங்கவில்லை. எழுதியது தங்கியிருக்கிறது.